பெயிண்டில் நின்ற கரண்ட்

எர்த் எதற்கு என்று யாரைக் கேட்டாலும், "கரண்ட் மண்ணுக்குள்ள போயிடும்" என்பார்கள். வயர்மேன் சொல்வார், வீட்டுக்காரர் சொல்வார், விவரம் தெரிந்தவர்களும் அவசரத்தில் அப்படித்தான் சொல்வார்கள். மின்சாரத்துக்கு மண்மேல் அப்படி ஓர் ஆசை எதுவும் கிடையாது. புறப்பட்ட இடத்துக்கே, அதாவது டிரான்ஸ்ஃபார்மரின் சுருளுக்கே, திரும்பிப் போகத்தான் அது பார்க்கும். வழியில் மண் இருந்தால் மண் வழியாகப் போகும், கம்பி இருந்தால் கம்பி வழியாகப் போகும், மனிதன் நின்றால் மனிதன் வழியாகவும் போகும். எர்த்திங் என்ற கலை முழுவதும், திரும்பிப் போகிற அந்தப் பாதையை மனித உடம்பைவிடப் பல ஆயிரம் மடங்கு எளிதாக்கி வைப்பதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொழிற்பேட்டை ஒன்றில் சொந்த டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கும் சிறு தொழிற்சாலை. பேனலிலிருந்து 100 மீட்டர் தள்ளி ஒரு மோட்டார். நடுவில் 25 ஸ்கொயர் எம்.எம். அலுமினிய ஆர்மர்டு கேபிள், பேனலில் 63 ஆம்பியர் ஃபியூஸ். ஒருநாள் மோட்டாருக்குள் இன்சுலேஷன் பழுதாகி, ஒரு ஃபேஸ் உடலைத் தொட்டுவிடுகிறது. மோட்டாருக்குப் பக்கத்தில் தனியாக ஓர் எர்த் குழி மட்டும் இருக்கிறது, அதன் மின்தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் குழி 1 ஓம். மண் வழியாகத் திரும்பும் கரண்ட் எவ்வளவு? 230-ஐ 6-ஆல் வகுத்தால் 38 ஆம்பியர். 63 ஆம்பியர் ஃபியூஸுக்கு இது ஒரு சாதாரண லோடு, நாள் முழுக்கத் தாங்கும். மோட்டாரின் உடலிலோ 190 வோல்ட் நிற்கும். உப்பும் கரியும் கொட்டி, தண்ணீர் ஊற்றி, முறைப்படி வெட்டிய குழிதான். ஆனாலும் ஃபியூஸ் போகாது, மோட்டாரைத் தொட்டவருக்கு ஷாக் அடிக்கும்.

அதே மோட்டாரின் உடலை உலோகப் பாதை ஒன்றால் டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரலோடு சேர்த்துவிட்டால் கதை வேறு. அந்தப் பாதை அந்தக் கேபிளிலேயே இருக்கிறது. அதுதான் கேபிளைச் சுற்றியிருக்கும் இரும்புக் கம்பி உடுப்பான ஆர்மர்.

ஆர்மர் பிறந்தது மின்பாதுகாப்புக்காக அல்ல. 1850 ஆகஸ்டில் பிரெட் சகோதரர்கள் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலடியில் ஒரு தந்திக் கம்பியைப் போட்டார்கள். செம்புக் கம்பிமேல் கட்டாபெர்ச்சா பிசின் பூச்சு, வேறு எதுவும் இல்லை. சில மணி நேரத்தில் அது செயலிழந்தது. மறு ஆண்டு, நான்கு செம்புக் கம்பிகளைச் சேர்த்து, சுற்றிலும் துத்தநாகம் பூசிய பத்து இரும்புக் கம்பிகளை முறுக்கிப் போட்டார்கள். அது நிலைத்தது. கல், நங்கூரம், இழுவை எல்லாவற்றையும் தாங்கத்தான் அந்த இரும்பு உடுப்பு. இன்று நம் தெருவில் புதைக்கிற கேபிளிலும் அதே துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பிதான், பெரிய கேபிள்களில் தட்டையான பட்டை. கடலடியில் காவலுக்கு வைத்த இரும்புக்குப் பின்னாளில் இன்னொரு வேலையும் சேர்ந்தது: பழுதான கரண்ட்டைத் திருப்பி எடுத்துப் போவது.

எவ்வளவு திறமையாக எடுத்துப் போகும்? நம் கேபிளில் 1.6 மி.மீ. விட்டமுள்ள 30 கம்பிகள் என்று வைத்துக்கொண்டால், மொத்தக் குறுக்குப் பரப்பு 60 ஸ்கொயர் எம்.எம். இரும்பின் மின்தடை செம்பைப்போல் எட்டு மடங்கு. ஆக இது ஏழரை ஸ்கொயர் எம்.எம். செம்புக் கம்பிக்குச் சமம். 100 மீட்டருக்கு 0.23 ஓம் வரும். ஃபேஸ் கம்பியின் 0.12 ஓமையும் டிரான்ஸ்ஃபார்மரின் சொற்பத் தடையையும் சேர்த்தால் 0.36 ஓம். பழுது கரண்ட் 640 ஆம்பியர். 63 ஆம்பியர் ஃபியூஸுக்கு இது பத்து மடங்கு, ஒரு நொடிக்குள் போய்விடும். ஆர்மருக்கு ஒன்றும் ஆகாது. எக்ஸ்.எல்.பி.இ. இன்சுலேஷன் உள்ள கேபிளின் இரும்பு ஆர்மர், ஸ்கொயர் எம்.எம். ஒன்றுக்கு 46 ஆம்பியர் வீதம் ஒரு நொடி தாங்கும் என்பது பிரிட்டிஷ் வயரிங் விதிகள் தரும் கணக்கு. 60-ஐ 46-ஆல் பெருக்கினால் 2,760 ஆம்பியர்.

கணக்கு இதுவரை சுகம். ஆனால் இந்தக் கணக்கில் கேபிளின் இரண்டு முனைகளையும் சும்மா விட்டுவிட்டோம். ஆர்மர் பேனலுக்குள் நுழைவதில்லை. வாசலிலேயே, கேபிளைப் பிடித்து வைக்கும் கிளாண்டு என்ற பித்தளை உறுப்பில் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து பேனலின் எர்த் பஸ்பாருக்கு ஓர் அடி, ஒன்றரை அடி தூரம் இருக்கும். 100 மீட்டரைச் சுலபமாகக் கடந்து வந்த கரண்ட் சிக்கிக்கொள்வது அந்த ஒன்றரை அடியில்தான்.

கிளாண்டு போடுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல கைகாரர் முதலில் வெளி உறையை அளந்து உரிப்பார். ஆர்மர் கம்பிகளை ஆக்ஸா பிளேடால் முழுக்க அறுக்க மாட்டார். சுற்றிலும் பாதி ஆழத்துக்கு மட்டும் கோடு போட்டு, ஒவ்வொன்றாக முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பார். முழுக்க அறுத்தால் பிளேடு உள் உறைக்குள் இறங்கிவிடும், இன்சுலேஷனில் காயம் படும். ஒடித்த கம்பிகளைக் குடைக் கம்பிகள்போல் விரித்து, அடியில் பித்தளைக் கூம்பைச் செருகி, கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கூம்பைச் சுற்றிச் சீராகப் படியவிட்டு, மேலே வளையத்தைப் போட்டு, இரண்டு ஸ்பேனரால் முறுக்குவார். முப்பது கம்பிகளும் கூம்புக்கும் வளையத்துக்கும் நடுவே நசுங்கிப் பிடிபட வேண்டும். கேபிளின் எடையைத் தாங்கும் பிடி அதுதான். மின்பாதையின் முதல் இணைப்பும் அதுதான்.

கைகாரர் அவசரக்காரராக இருந்தால்? கூம்புக்குள் வராத பத்துக் கம்பியை வெட்டி எறிந்துவிடுவார். மூன்றில் ஒரு பங்கு பாதை அங்கேயே போச்சு. இன்னும் மோசமான ஆள் கம்பிகளை மொத்தமாக உறையோடு வெட்டிவிட்டு, வெறும் ரப்பர் வளையத்தால் கேபிளை இறுக்கி வைப்பார். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று பித்தளைக் கிளாண்டு இருக்கும். உள்ளே ஆர்மர் எதையும் தொட்டிருக்காது. கறுப்பு பி.வி.சி. தொப்பியை மாட்டிவிட்டால் எந்த இன்ஸ்பெக்டருக்கும் தெரியாது.

ஆர்மர் ஒழுங்காகப் பிடிபட்டது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது கரண்ட் பித்தளை உடலில் இருக்கிறது. அங்கிருந்து பேனலின் கிளாண்டு பிளேட்டுக்குப் போக வேண்டும். அந்த இரும்புத் தகட்டின் இரண்டு பக்கமும் பவுடர் கோட்டிங். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, சாதாரணமாக 60, 80 மைக்ரான்தான். 230 வோல்ட்டைத் தடுத்து நிறுத்த அதுவே தாராளம். கிளாண்டு நுழையும் துளையும் மரையைவிடக் கொஞ்சம் பெரியது, அதனால் துளையின் ஓரத்தில் பித்தளை இரும்பைத் தொடுமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இதையும் தாண்டினால் இன்னொன்று இருக்கிறது. தண்ணீரும் தூசியும் புகாமல் இருக்க, அந்தத் தகட்டுக்கும் பேனல் உடலுக்கும் நடுவே ரப்பர் கேஸ்கெட் வைத்திருப்பார்கள். தகட்டைப் பிடித்திருக்கும் திருகுகளின் தலையும் பெயிண்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். முழுக்க இரும்பால் செய்த பேனலில், தகடு மட்டும் மின்சாரத்துக்குத் தனித் தீவாக நிற்கிறது!

மேலோட்டமாகத் தொட்டுக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். இங்கேதான் ராக்னர் ஹோம் என்ற ஸ்வீடன் நாட்டு இயற்பியலாளரை அழைக்க வேண்டும். இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொள்ளும்போது என்ன நடக்கிறது என்பதை ஆராய்வதே அவருடைய வாழ்நாள் வேலை. பார்வைக்கு முழுப் பரப்பும் தொடுவதுபோல் இருக்கும். உண்மையில் நுண்ணிய மேடுகள் சில மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன, கரண்ட் முழுவதும் அந்தச் சில புள்ளிகளுக்குள் நெரிந்து போகிறது. தொடும் பரப்பு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது வாஷரின் அகலம் அல்ல. எவ்வளவு அழுத்துகிறோம், உலோகம் எவ்வளவு கடினம் என்ற இரண்டுதான். அகலமான வாஷரைத் தளர்வாகப் போட்டால் பயனில்லை. சின்ன வாஷரை இறுக்கிப் போட்டால் பலன் உண்டு.

ஹோம் விளக்கிய இன்னொரு விஷயம் ரொம்ப அழகானது. ஒரு தொடுகைப் புள்ளி எவ்வளவு சூடாகும் என்பதை, அதன் குறுக்கே உள்ள மின்னழுத்தமே சொல்லிவிடும். புள்ளி பெரிதோ சிறிதோ, கவலையில்லை. செம்புக்கு 0.12 வோல்ட் வந்தால் புள்ளி இளகத் தொடங்கும், 0.43 வோல்ட்டில் உருகிவிடும். நம் 640 ஆம்பியரை இதில் போட்டுப் பாருங்கள். 0.12-ஐத் தாண்டாமல் இருக்க வேண்டுமென்றால், இணைப்பின் தடை 0.19 மில்லிஓமுக்குள் இருக்க வேண்டும். ஓம் இல்லை, மில்லிஓம். பித்தளைக்கும் இரும்புக்கும் எண்கள் கொஞ்சம் மாறும், ஆனால் தேவை ஏறக்குறைய இதே அளவில்தான் இருக்கும்.

இப்போது தளர்ந்த ஒரு கிளாண்டு 1 ஓம் தடையைச் சேர்த்துவிட்டது என்று பாருங்கள். சுற்றின் மொத்தத் தடை 1.36 ஓம், கரண்ட் 169 ஆம்பியர். ஃபியூஸ் உடனே போகாது, பல பத்து நொடிகள் யோசிக்கும். அந்த நேரம் முழுக்க மோட்டார் உடலில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். கிளாண்டில் செலவாகும் சக்தியோ 28 கிலோவாட்டுக்கு மேல். கல்யாணச் சமையலின் பெரிய அடுப்புக்குப் போதுமான வெப்பம், ஒரு வாஷரின் அடியில். நிஜத்தில் அது 1 ஓமாகவே அமைதியாக இருக்காது, பொறி பறக்கும், பித்தளை வழியும், கேபிள் உறை பற்றிக்கொள்ளும். பெயிண்ட் முழுமையாகத் தடுத்து, வேறு எர்த்தும் இல்லையென்றால் இதைவிடப் பொல்லாதது. ஒரு பொறிகூட வராது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். உடலில் 230 வோல்ட்டோடு, தொடப்போகிறவருக்காகக் காத்திருக்கும். கசிவைக் கண்டு சுற்றைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போட்டிருந்தாலும் கசிவதற்கு வழியே இல்லாதபோது அது விழ முடியாது. யாராவது தொட்ட பிறகுதான் அதற்கே விஷயம் தெரியும்.

மல்டிமீட்டரில் "பீப்" சத்தம் வந்தது, எர்த் ஓகே என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். பல மீட்டர்களில் அந்தச் சத்தம் சில பத்து ஓம் வரைக்கும் வரும். முப்பது கம்பியில் ஒரே ஒரு கம்பி உரசிக்கொண்டிருந்தாலும் பீப் கேட்கும். மீட்டரின் ஒயர்களுக்கே 0.2, 0.3 ஓம் தடை உண்டு. நமக்குத் தேவையான அளவோ அதைவிட ஆயிரம் மடங்கு சிறியது. இதற்கென்றே நான்கு ஒயர் வைத்த மில்லிஓம் மீட்டர் இருக்கிறது. இரண்டு ஒயர் வழியாகப் பத்து ஆம்பியர் அளவுக்குக் கரண்ட்டைச் செலுத்தி, மற்ற இரண்டால் இணைப்பின் குறுக்கே மின்னழுத்தத்தை அளக்கும். மெக்கரை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. அது இன்சுலேஷனுக்கானது.

சரி, எப்படித்தான் இணைப்பது? கிளாண்டோடு எர்த் டேக் என்ற பித்தளை வளையம் ஒன்று வரும், ஒரு பக்கம் காதுபோல் நீட்டி அதில் போல்ட் துளை இருக்கும். அதைத் தகட்டுக்கு வெளியே போடுவதா உள்ளே போடுவதா என்று எலக்ட்ரீஷியன்கள் நடுவே ஓயாத சண்டை. வெளியே போட்டு, காதுத் துளையில் தகட்டைத் துளைத்து ஒரு போல்ட் போட்டு, உள்ளே அந்த போல்டில் லக் மாட்டி எர்த் பஸ்பாருக்கு ஒயர் எடுப்பது ஒரு முறை. உள்ளேயே, கிளாண்டை இறுக்கும் செக்நட்டுக்கு அடியில் டேக்கை வைத்து, நேராக ஒயர் எடுப்பது இன்னொரு முறை. இரண்டுமே சரிதான். இரண்டிலும் கரண்ட் பெயிண்டை நம்பவில்லை, கேஸ்கெட்டையும் நம்பவில்லை. தப்பு என்னவென்றால், டேக்கை மாட்டிவிட்டு அதன் காதைச் சும்மா விடுவது. அல்லது ஸ்டார் வாஷரின் பற்கள் பெயிண்டைக் கீறிக்கொள்ளும் என்று கடவுள்மேல் பாரத்தைப் போடுவது. ஸ்டார் வாஷர் கிளாண்டு சுழலாமல் பிடிக்கும், அதற்கு மட்டும் போடுங்கள்.

டேக்கின் கழுத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 10 மி.மீ. அகலம், 1.2 மி.மீ. தடிமன் என்றால் 12 ஸ்கொயர் எம்.எம். பித்தளை. செம்பின் கடத்துதிறனில் பித்தளைக்கு ஏறக்குறைய கால்வாசிதான். அப்படியானால் 3 ஸ்கொயர் எம்.எம். செம்புக்குச் சமம். ஃபியூஸ் சட்டென்று போகிற நம் சின்ன மோட்டாருக்கு இது போதும். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில், பத்தாயிரம் ஆம்பியர் பழுது வரக்கூடிய பெரிய ஃபீடரில் இதே அளவுக் கழுத்தை நம்பினால், அந்தக் கழுத்தே முதல் ஃபியூஸ் ஆகிவிடும். அப்படிப்பட்ட இடங்களில் கிளாண்டு பிளேட்டின் பெயிண்டைச் சுரண்டி, தகட்டிலிருந்து பஸ்பாருக்குத் தனியாகச் செம்புப் பட்டையே போட வேண்டும். பாலிகார்பனேட் பெட்டியாக இருந்தால் பேச்சே இல்லை. அங்கே கிளாண்டுக்குக் கிளாண்டு ஒயர் போட்டு இணைத்தே தீர வேண்டும்.

நம் ஊர்த் தொழிற்சாலைக்காரர்கள் இதைப் படித்துவிட்டு, "நாங்கதான் மோட்டாருக்கு ரெண்டு ஜி.ஐ. பட்டை தனியா ஓட்டியிருக்கோமே" என்பார்கள். உண்மைதான். 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே மோட்டார் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு வேண்டும் என்றன, அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. பிரிட்டனில் ஆர்மரை மட்டுமே எர்த்தாக நம்பி நிறைய வேலை நடக்கிறது. நம்மிடம் அது பெரும்பாலும் மூன்றாவது ஆள். இந்த விஷயத்தில் நம் பழக்கம் மேல் என்பதே என் கட்சி. அதற்காக ஆர்மரை அம்போ என்று விட்டுவிட முடியாது. புதைத்த கேபிள்மேல் பொக்லைன் பல் இறங்கும்போது, அது முதலில் குத்துவது ஆர்மரைத்தான், அப்புறம்தான் ஃபேஸ் கம்பியை. ஆர்மர் ஒழுங்காக இணைந்திருந்தால் அந்தக் கணமே ஃபியூஸ் போகும். இல்லையென்றால் இயந்திரமும், கேபிளின் முழு நீளத்துக்கு ஆர்மரும், இரண்டு முனையிலும் உள்ள கிளாண்டுகளும் உயிரோடு நிற்கும். மோட்டார் உடலில் கட்டிய ஜி.ஐ. பட்டை அங்கே உதவாது.

ஒற்றைக் கோர் கேபிளுக்கு மட்டும் வேறு சாஸ்திரம். ஒரே கம்பியைச் சுற்றி இரும்பு இருந்தால், அதன் மாறும் காந்தப்புலம் பழுது எதுவும் இல்லாத சாதாரண லோடிலேயே அந்த இரும்பைச் சூடாக்கும். அதனால்தான் அவற்றுக்கு அலுமினிய ஆர்மர், அலுமினிய கிளாண்டு பிளேட். ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று கேபிளை இரும்புத் தகட்டின் தனித்தனித் துளைகளில் நுழைத்துவிட்டு, தகடு கை வைக்க முடியாமல் கொதிக்கிறதே என்று கேபிள் கம்பெனியோடு சண்டை போட்டவர்கள் உண்டு.

பிடிப்பு என்ற விஷயத்துக்கு வருவோம். 300 ஸ்கொயர் எம்.எம். மூன்றரைக் கோர் அலுமினியக் கேபிள் மீட்டருக்கு ஆறு கிலோவை ஒட்டி எடை இருக்கும். இரண்டு மீட்டர் தொங்கினால் இரவும் பகலும் 12 கிலோ அந்த மரையில் தொங்கும். மோட்டார் பக்கம் என்றால் அதிர்வும் சேரும். கிளாண்டு என்பது கேபிளை வாசலில் பிடித்து வைக்கும் உறுப்பு, தூணல்ல. பக்கத்திலேயே ஒரு கிளாம்ப் போட்டு எடையை அதற்கு மாற்றிவிட்டால் செக்நட் வருடக்கணக்கில் தளராது. தளர்ந்த கிளாண்டு தன் துளைக்குள் ஆடும்போது தொடுபுள்ளிகள் ஒவ்வொன்றாக அறுந்து, அந்த இடத்தில் ஆக்சைடு படியும். நேற்று அளந்த மில்லிஓம் இன்று இருக்காது.

எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் உப்புக் காற்று இந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்யும். ஆர்மர்மேல் பூசிய துத்தநாகமும் கிளாண்டின் பித்தளையும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் ஒரு சிறு பேட்டரிதான். அதில் கரைவது துத்தநாகம். முதலில் வெள்ளைப் பொடி, பிறகு துரு. இரண்டுமே கரண்ட்டுக்குப் பகை. கடலோரத்தில் உள் உறையிலும் வெளி உறையிலும் ரப்பர் வளையம் இறுகும் டபுள் கம்ப்ரஷன் கிளாண்டே போட வேண்டும். சிங்கிள் கம்ப்ரஷனில் மிச்சமாகும் சில நூறு ரூபாய் அங்கே மிச்சமே அல்ல.

புதுப் பேனல் வந்து இறங்கினால் கதவின் வண்ணத்தையும் மீட்டரின் வெளிச்சத்தையும் அப்புறம் ரசித்துக்கொள்ளலாம். குனிந்து கிளாண்டு பிளேட்டைப் பாருங்கள். எர்த் பஸ்பாரிலிருந்து அதற்கு ஒரு ஒயர் வருகிறதா, அந்த லக்குக்கு அடியில் பெயிண்ட் சுரண்டியிருக்கிறதா, ஒவ்வொரு டேக்கின் காதிலும் ஒரு போல்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு கிளாண்டின் தொப்பியை நீங்களே தேர்ந்தெடுத்து விலக்கச் சொல்லி, மில்லிஓம் மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லையென்றால் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.